ஊட்டிக்கு மலை ரயிலா, பஸ்ஸா, காரா? மூணுலயும் போயிட்டு வந்து சொல்றேன்

தை மாசம் எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணம் கோயமுத்தூர்ல நடந்துச்சு. நாங்க திருச்சி. கல்யாணம் முடிஞ்சு கையில ரெண்டு நாள் இருந்துச்சு, இவ்ளோ தூரம் வந்தாச்சு, ஒரு எட்டு ஊட்டி போயிட்டு வந்துடலாம்னு ரெண்டு மாசம் முன்னாடியே பேசி வச்சிருந்தோம். போறது நானு, எங்க வீட்டுக்காரர், ஏழு வயசு பையன், அப்புறம் எங்க அப்பா. அப்பாவுக்கு எழுபத்தி ஒண்ணு, முட்டி வலி உண்டு, ரொம்ப நேரம் காலை மடக்கி உக்கார முடியாது. பையனுக்கு மலை ரோடு ஒத்துக்காது, நாலு வளைவு தாண்டினா வாந்தி. இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு எதுல போறதுங்கறதுதான் பிரச்சனையே, ஊருக்கு போய் என்ன பாக்குறதுங்கறது ரெண்டாவதுதான்.

இதே மலைக்கு முன்னாடி ஒரு தடவ கார்லயும் ஒரு தடவ பஸ்லயும் போயிருக்கேன். இந்த தடவ ஏறும்போது மலை ரயில், இறங்கும்போது பஸ். அதனால மூணையும் ஒப்பிட்டு சொல்ல முடியும்னு நினைக்கிறேன். யாராச்சும் குடும்பத்தோட போறதா இருந்தா உதவும்.

முதல்ல கார் கதைய சொல்லிடறேன். 2024 மே மாசம், ஸ்கூல் லீவு. அந்த மாசம் 7ஆம் தேதிலேர்ந்துதான் ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் வந்துச்சு. பாஸ் எடுக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, காசும் கிடையாது, போன்லயே வண்டி நம்பர், எத்தன பேரு, எங்க தங்கறோம்னு போட்டா வந்துடும். ஆனா போற வண்டி எல்லாம் அந்த செக்போஸ்ட்ல நின்னு காட்டிட்டுதான் போகணும், சீசன்ல எவ்ளோ வண்டி வரும்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம் 2025 ஏப்ரல்லேர்ந்து இன்னும் இறுக்கிட்டாங்க, சீசனுக்கு நீலகிரிக்குள்ள சாதாரண நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000 வண்டி அவ்ளோதான்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்த ஊர் டிஎன் 43 வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இது கிடையாது. கார்ல போறவங்க நீங்க போற தேதிக்கு என்ன நிலவரம்னு பாத்து பாஸ் எடுத்துட்டு கிளம்புங்க, மேட்டுப்பாளையம் தாண்டி நின்னுக்கிட்டு சிக்னல் தேடாதீங்க.

நாங்க எடுத்தது வாடகை கார். பேர் வேணாம். பேசும்போது எல்லாம் சேத்து ஒரு ரேட்டுன்னாங்க, திரும்பி வந்து எறக்கி விடும்போது மலை சார்ஜ் தனி, டிரைவர் பேட்டா தனி, பார்க்கிங் தனின்னு ரெண்டாயிரம் மேல ஆச்சு. டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன், அவர் மேல எனக்கு வருத்தமே இல்ல, ஏத்தத்துல எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்லதான் இறங்கணும்மான்னு சொல்லிக்கிட்டே பொறுமையா ஓட்டினார். எனக்கு வருத்தம் கார் மேலயே. கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டுல பையன், நடுவுல நான், ஒரு கையில கவரு, ஒரு கையில எலுமிச்சம்பழம். அவன் தலைய மடில சாச்சு கண்ண மூடிக்கிட்டான், நான் அவன் முதுக தடவிக்கிட்டே வந்தேன், ஜன்னலுக்கு வெளிய என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு கேட்டா எனக்கு சொல்ல தெரியாது. பர்லியார்ல நிப்பாட்டி மங்குஸ்தான் வாங்கினோம், அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஊட்டிக்குள்ள போனா வண்டி நகரவே இல்ல. பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல பார்க்கிங் தேடினதுலயே முக்கா மணி நேரம் போச்சு. இறங்கும்போது, சீசன்ல ஒரு வழிப்பாதை ஆக்கிடுவாங்க இல்லையா, ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழி, அது இன்னும் சுத்து.

அப்போ கார் வேணவே வேணாமான்னா அப்படி சொல்ல மாட்டேன். கைக்குழந்தை இருக்கு, இல்ல நடக்கவே முடியாத பெரியவங்க இருக்காங்க, இல்ல அவலாஞ்சி, கோத்தகிரி உள்பக்கம்னு ரெண்டு மூணு ராத்திரி தங்கி சுத்தறீங்கன்னா கார்தான் சரி. அதுவும் சீசன் இல்லாத நாள்ல, நடு வாரத்துல. ஒரு நாள் ரெண்டு நாள் எட்டி பாத்துட்டு வர்றதுக்கு கார் எடுத்தா பாதி நேரம் காருக்கே போயிடும்.

இந்த தடவ மலை ரயில்னு முடிவு பண்ணதுக்கு பையனோட வாந்தி ஒரு காரணம்னா அப்பா இன்னொரு காரணம். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்தவர். நாகப்பட்டினத்துல இருந்த ஒர்க்‌ஷாப்ப 1928ல திருச்சிக்கு மாத்தினாங்கல்ல, அந்த பொன்மலைதான். நீலகிரி மலை ரயில் இன்ஜின் எல்லாம் பெரிய ரிப்பேருன்னா அங்கதான் வரும். ரொம்ப வருஷமா ஓடினது சுவிட்சர்லாந்துலேர்ந்து வந்த இன்ஜின், 2011லேர்ந்து பொன்மலையிலயே புதுசாவும் சில இன்ஜின் செஞ்சாங்க. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு தட்டுக்கு முன்னாடி உக்காந்து அத பத்தியே பேசுவார், அம்மா இருந்த காலத்துல அவங்களுக்கே பாதி பார்ட்ஸ் பேரு மனப்பாடம். ஆனா அந்த வண்டில ஒரு நாளும் அவர் ஏறுனது கிடையாது. எங்கள படிக்க வச்சு, தங்கச்சிய கட்டிக் கொடுத்து, அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போயி, அப்படியே வருஷம் ஓடிடுச்சு. இத நான் இந்த தடவ விட்டா அப்புறம் எப்போன்னு தோணிச்சு.

டிக்கெட் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் இங்கதான் கோட்ட விடறாங்க. மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு காலைல 7.10க்கு ஒரே வண்டிதான். ஐஆர்சிடிசில ஊட்டின்னு தேடாதீங்க, உதகமண்டலம்னு தேடுங்க. 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு புக்கிங் திறக்கும், லீவு சீசன்னா அன்னிக்கே உக்காந்து போட்டுடணும். நான் நவம்பர்லயே தேதி எண்ணி வச்சு, காலைல அடுப்ப அணைச்சுட்டு போன எடுத்துக்கிட்டு உக்காந்து போட்டேன், செகண்ட் கிளாஸ் நாலு சீட்டு கிடைச்சுது, ஆளுக்கு முன்னூறு ரூபா சுத்தி. சீனியர் சிட்டிசன் சலுகை 2020லேர்ந்து கிடையாது, அப்பாவுக்கும் முழு டிக்கெட்தான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழைக்கு மண்ணு சரிஞ்சு, மரம் விழுந்து, அப்பப்போ வண்டிய ரத்து பண்ணுவாங்க, அதனால அந்த மாசத்துல போறவங்க ஒரு மாத்து ஏற்பாடு கையில வச்சுக்கோங்க. ஜனவரி கடைசிங்கறதால எங்களுக்கு வானம் வெளுத்து இருந்துச்சு.

கோயமுத்தூர்லேர்ந்து அந்த 7.10 வண்டிய பிடிக்கணும்னா விடியக்காலைல கிளம்பணும். சென்னைலேர்ந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்றவங்களுக்கு பிரச்சனை இல்ல, அது நேரா மேட்டுப்பாளையத்துலயே வந்து நிக்கும், இறங்கி எதுத்தாப்ல ஏற வேண்டியதுதான். நாங்க நாத்தனார் வீட்டுலேர்ந்து அஞ்சு மணிக்கு ஆட்டோ மாதிரி ஒரு சின்ன வண்டி பிடிச்சு வந்தோம், ஆறேகாலுக்கு ஸ்டேஷன். பையனுக்கு காலைல பால் கூட தரல, ரெண்டு இட்லி மட்டும் துணில கட்டி வச்சிருந்தேன், தண்ணி எவர்சில்வர் பாட்டில்ல. நீலகிரி மாவட்டத்துக்குள்ள பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில் கொண்டு போகக் கூடாது, பிடிச்சா அபராதம். அது நல்ல விஷயம், அந்த மலைக்கு அது வேணும்.

பிளாட்பாரத்துல நீலமும் கிரீமுமா பெட்டி நின்னுச்சு. அப்பா பெட்டிய பாக்கல. நேரா பின்னாடி நடந்தார். ஏன்னா இந்த வண்டில இன்ஜின் முன்னாடி இருக்காது, ஏறும்போது பின்னாடி இருந்துதான் தள்ளும். முட்டி வலிக்காரர் அவ்ளோ வேகமா நடந்து நான் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. எங்க வீட்டுக்காரர், மாமா மெதுவா மெதுவான்னு பின்னாடியே ஓடினார். அப்பா இன்ஜின் பக்கத்துல போய் நின்னு, கீழ ரெண்டு பக்கமும் இருந்த சிலிண்டர பாத்துட்டு, மேல நின்ன, இன்ஜின்ல தீய பாத்துக்கற ஃபயர்மேன் தம்பிகிட்ட, தம்பி இது நம்ம பொன்மலைல செஞ்சதான்னு கேட்டார். அந்த தம்பி ஆமாங்க ஐயா, நீங்க பொன்மலையான்னு கேட்டுது. அவ்ளோதான், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசினது எங்களுக்கு ஒண்ணும் புரியல. வண்டி கிளம்ப ரெண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் அப்பாவ பெட்டிக்கு கூட்டிட்டு வர முடிஞ்சுது.

இப்ப பெட்டிய பத்தி. இது தெரிஞ்சுக்கிட்டு ஏறணும். ஒரு பெட்டிக்குள்ள தனித்தனி தடுப்பா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் கதவு, ஒரு தடுப்புலேர்ந்து இன்னொண்ணுக்கு உள்ளாற நடந்து போக முடியாது. எதிர் எதிர் பெஞ்சு, எல்லா சீட்டும் நிறைஞ்சா முட்டியும் முட்டியும் இடிக்கும். கழிப்பறை கிடையாது. இது ரொம்ப முக்கியம், வயசானவங்க, சுகர் இருக்கறவங்க கூட்டிட்டு போறவங்க ஏறுறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடணும், அப்புறம் வழில ஹில்குரோவ், குன்னூர்னு நிக்கிற ஸ்டேஷன்லதான். அப்பாவ கதவோரம் உக்கார வச்சோம், எதிர்ல பையன உக்கார வச்சதால அவர் கால நீட்டிக்க இடம் கிடைச்சுது. வயசானவங்க முட்டிக்கு எதிர்ல குழந்தைய உக்கார வைங்க, இது ஒண்ணு பண்ணாலே போதும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேர்ந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். 46 கிலோமீட்டர் தூரம், அதுல 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். இதெல்லாம் எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஆனா கல்லாறு தாண்டினதும் ஒரு சத்தம் மாறும் பாருங்க, அத யாரும் சொல்லி எனக்கு தெரியாது. அது வரைக்கும் சாதா ரயில் மாதிரி தடக் தடக்குன்னு போயிட்டு இருந்த வண்டி அங்க ஒரு நொடி தயங்கி, அடியில எதையோ கடிச்சு பிடிச்ச மாதிரி கடகடன்னு ஒரு சத்தம் போட்டு, அப்புறம் அப்படியே ஏற ஆரம்பிச்சுது. அப்பா உடனே பையன பாத்து, பிடிச்சிருச்சுடான்னார்.

என்ன தாத்தா பிடிச்சுதுன்னு அவன் கேக்க, அப்பா ரெண்டு கை விரலையும் விரிச்சு காட்டினார். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு பல்லா ரெண்டு பட்டை இரும்பு ஓடுது, ஒரு பட்டையோட பல்லு இருக்கற இடத்துல பக்கத்து பட்டைல பள்ளம் இருக்கும், மாத்தி மாத்தி. இன்ஜினுக்கு அடியில இருக்கற பல் சக்கரம் அதுல மாட்டிக்கிட்டு ஏறும், ஒரு பல்லு விடுறதுக்குள்ள இன்னொரு பல்லு பிடிச்சிருக்கும், அதனால எந்த நேரத்துலயும் பிடி விட்டு போகாது. விரல விரலோட கோத்து கோத்து நகத்தி காட்டினார். நாலு சிலிண்டர்ல ரெண்டு சாதா சக்கரத்துக்கு, ரெண்டு இந்த பல் சக்கரத்துக்கு, முதல் ரெண்டுல வேலை செஞ்ச ஆவியே வீணாகாம அடுத்த ரெண்டுக்கு போகும்னு சொன்னார். எங்க எதிர்ல உக்காந்திருந்த சென்னை குடும்பம், அவங்க பொண்ணு காலேஜ் படிக்குது போல, அதுவும் காதுல மாட்டியிருந்தத கழட்டிட்டு கேக்க ஆரம்பிச்சுடுச்சு. இந்த வண்டி ஏறுற சரிவு கிட்டத்தட்ட பன்னெண்டுக்கு ஒண்ணு, பன்னெண்டு அடி போனா ஒரு அடி மேல. சாதா ரயில் இதுல நின்னா வழுக்கிடும்.

இன்ஜின் பின்னாடி இருக்கறதால டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. அதனால ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் திண்ணை மாதிரி ஒரு இடத்துல ஒரு பிரேக்ஸ்மேன் நிக்கிறார், கையில பச்சைக்கொடி சிவப்புக்கொடி, பக்கத்துல சுத்துற பிரேக். முன்னாடி இருக்கறவர் கொடி காட்டினா அது அப்படியே பின்னாடி டிரைவர் வரைக்கும் போகுது. அஞ்சு மணி நேரம் அந்த குளிர்ல வெளிய நின்னுக்கிட்டே வர்றாங்க. மலை ரயில் போறவங்க போட்டோ எடுக்கறப்போ அவங்களையும் கொஞ்சம் பாருங்க, முடிஞ்சா ஒரு வணக்கம் வைங்க, அவங்க கை பிரேக்லதான் நம்ம பிள்ளைங்க உக்காந்திருக்காங்க.

பையன் வாந்தி எடுக்கவே இல்ல. ஒரு தடவ கூட இல்ல. இத நான் தனி வரியாவே எழுதறேன், ஏன்னா எனக்கு அதுதான் பெரிய விஷயம். பல் தண்டவாளத்துல வண்டி போற வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர் கிட்டதான், வளைவு வந்தாலும் உடம்பு அந்த பக்கம் இந்த பக்கம் சாயறதில்ல, காத்து நேரா மூஞ்சில அடிக்குது, டீசல் நாத்தமும் கிடையாது. அவன் கம்பிய பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கத்தினான், எண்ணினான், ஒன்பதுக்கு மேல கணக்கு விட்டுப்போச்சு. ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க வண்டி நின்னுச்சு, எல்லாரும் இறங்கினோம், சூடா டீ, வடை. குரங்கு நிறைய, சாப்பாட்ட கையில ஆட்டிக்கிட்டு நிக்காதீங்க. நான் கட்டிட்டு போன இட்லிய பெட்டிக்குள்ளயே குடுத்துட்டேன், ரெண்டு போதாம இன்னும் இருக்கான்னு கேட்டான். மலை ஏறும்போது என் பையன் பசிக்குதுன்னு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவ.

பாக்குறதுக்கு என்ன இருக்குன்னா, ரோட்டுலேர்ந்து தெரியாத மலை தெரியும். ரோடு போற பக்கம் வேற, இந்த தண்டவாளம் போற பக்கம் வேற, கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் பெரும்பாலும் காடுதான், கடை கிடையாது, ஹாரன் கிடையாது. பாலத்து மேல போறப்போ கீழ பாத்தா மர உச்சி. ஒரு இடத்துல பாறைய குடைஞ்சு விட்டிருக்காங்க, கை நீட்டினா ஈரம் தொடலாம், ஆனா நீட்டாதீங்க. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் போட்ட லைன் இது, 2005ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க. அந்த காலத்துல இந்த பாறைய எத்தன பேர் கையால உடைச்சிருப்பாங்கன்னு அப்பா சொல்லிக்கிட்டே வந்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசல.

குன்னூர்ல பத்தரை மணி வாக்குல வண்டி நின்னுச்சு. பல் தண்டவாளம் அங்கயே முடிஞ்சிடும், நீராவி இன்ஜின கழட்டிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவாங்க. அப்பா இறங்கிப் போய் அது கழண்டு ஷெட்டு பக்கம் போற வரைக்கும் நின்னு பாத்தார். அந்த ஃபயர்மேன் தம்பி மேல இருந்தே கைய தூக்கி கும்பிட்டுது. அப்பாவும் கும்பிட்டார். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, போட்டோ எடுக்க மறந்துட்டேன், அது பரவால்ல.

குன்னூருக்கு மேல ஊர் வாசனை வந்துடும். வெலிங்டன், அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி பக்கமா, அப்புறம் கேத்தி, லவ்டேல், தேயிலை தோட்டமும் கேரட் பாத்தியும் ஓட்டு வீடுமா போகும். அழகுதான், ஆனா என் மனசு கீழயே நின்னுடுச்சு. பன்னெண்டு மணிக்கு ஊட்டி. மொத்தம் அஞ்சு மணி நேரம் கிட்ட. பஸ்ல ரெண்டரை மணி நேரத்துல வர்ற இடம்.

இந்த நேரக் கணக்குதான் நிறைய பேர தடுக்குது, எங்க வீட்டுக்காரரும் முதல்ல அதத்தான் சொன்னார், அரை நாள் ரயில்லயே போயிடுமேன்னு. ஊட்டில என்னங்க பாக்கப் போறோம், ஏரி, பூங்கா, தொட்டபெட்டா, வர்க்கி வாங்கறது, இதுதானே. கார்ல போனப்போ சீக்கிரம் போய் சேந்தோம்னு சொல்லி அங்க ட்ராஃபிக்ல நின்னோம். அவரே இறங்கினதும், மேல பாக்க ஒண்ணுமே இல்லாட்டியும் இதுக்கே வரலாம்னார். தங்கினது ஒரு ராத்திரி, காலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடந்துச்சு, பையன் அத உள்ளங்கைல சுரண்டி எடுத்துட்டு வந்து தாத்தாவுக்கு காட்டினான். உள்ளூர்ல சுத்த ஆட்டோ, டவுன் பஸ்ஸே போதுமானதா இருந்துச்சு, ஒவ்வொரு இடத்துலயும் பார்க்கிங் தேட வேண்டிய தலைவலி இல்ல.

இறங்குறதுக்கும் ரயில் உண்டு, மத்தியானம் 2 மணிக்கு ஊட்டில கிளம்பி அஞ்சரை வாக்குல மேட்டுப்பாளையம் வரும். அதுல டிக்கெட் ஏறுற வண்டிய விட கொஞ்சம் லேசா கிடைக்கும். ஏறுறதுக்கு டிக்கெட் கிடைக்காதவங்க மனசு விட்டுடாதீங்க, இறங்குறதுக்கு பாருங்க. அதுவும் இல்லன்னா பஸ்ல குன்னூர் வந்து, குன்னூர்லேர்ந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரம் சொச்சம் போற வண்டி ஒரு நாளைக்கு சிலது ஓடுது, அதுல ஏறலாம். குழந்தைங்களுக்கு அதுவே திருவிழாதான். ஆனா பல் சக்கரம், நீராவி இன்ஜின், அந்த காடு எல்லாம் குன்னூருக்கு கீழதான் இருக்கு, அத தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

எங்களுக்கு அன்னிக்கு ராத்திரி கோயமுத்தூர்ல திருச்சி வண்டிய பிடிக்கணும், 2 மணி ரயிலுக்கு நின்னா நெருக்கடி ஆயிடும்னு பஸ்ல இறங்கினோம். பஸ்ஸுன்னதும் எனக்கு பழைய பயம். முன்னாடி ஒரு தடவ பஸ்ல ஏறினப்போ கடைசிக்கு ரெண்டு வரிசை முன்னாடி உக்காந்து, மேட்டுப்பாளையத்துல வயிறு முட்ட பூரி சாப்பிட வச்சு கூட்டிட்டு போனேன், ஆறாவது வளைவுல ஆரம்பிச்சான், குன்னூர் வரைக்கும் நிக்கல. அது என் தப்பு, பஸ் தப்பில்ல. இந்த தடவ ஊட்டி பஸ் ஸ்டாண்டுல பஸ் கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே போய் (ரயில் ஸ்டேஷனுக்கு பக்கத்துலதான் பஸ் ஸ்டாண்டு, நடந்தே போயிடலாம்), டிரைவருக்கு பின்னாடி ரெண்டாவது சீட்டு பிடிச்சோம். பையனுக்கு ஒரு வாழைப்பழம் மட்டும். ரோட்ட பாருடா, போன பாக்காதன்னு சொல்லி வச்சேன். கண்டக்டர் அண்ணனே வந்து, சின்னவருக்கு ஜன்னல கொஞ்சம் திறந்து விடுங்கம்மான்னு சொல்லிட்டு போனார். மேட்டுப்பாளையம் வந்து சேந்தோம், ஒண்ணும் ஆகல. மூஞ்சி வெளுத்துதான் இருந்தான், ஆனா ஒண்ணும் ஆகல.

அரசு பஸ்ஸ நான் குறைச்சு சொல்ல மாட்டேன். டிக்கெட் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்ள, ஈ-பாஸ் கவலை இல்ல, அடிக்கடி வண்டி இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு. அந்த மலைய தினம் ஏறி இறங்குற டிரைவருங்க, ஒவ்வொரு வளைவும் அவங்களுக்கு உள்ளங்கை மாதிரி, எதிர்ல லாரி வந்தா எங்க ஒதுங்கணும்னு நமக்கு முன்னாடி அவங்களுக்கு தெரியும். வெளியூர்லேர்ந்து வந்து முதல் தடவ அந்த ரோட்டுல சொந்த கார ஓட்டுறவங்க இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்து கருகின வாடை அடிக்க ஓரமா நிப்பாட்டி வச்சிருக்கறத ரெண்டு இடத்துல பாத்தோம். மலை ஓட்டி பழக்கம் இல்லாதவங்க தயவு செஞ்சு கார கீழ நிப்பாட்டிட்டு பஸ்ல ஏறுங்க. பஸ்ல கஷ்டம்னா கால் வைக்கிற இடம்தான், அப்பாவுக்கு முட்டி மடங்கியே இருந்துச்சு, குன்னூர்ல பஸ் கொஞ்ச நேரம் நின்னப்போ எந்திரிச்சு நின்னு சரி பண்ணிக்கிட்டார். பொங்கல், மே லீவு மாதிரி நாள்ல சீட்டு கிடைக்காம நின்னுக்கிட்டு வர்ற மாதிரி ஆனா வயசானவங்களால முடியாது.

ஆக, ரெண்டு மாசம் முன்னாடி தேதி தெரியும்னா ஏறுறதுக்கு மலை ரயில், இறங்குறதுக்கு பஸ், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. திடீர்னு கிளம்பறவங்களுக்கு பஸ். கார் நான் முன்னாடி சொன்ன மாதிரி தேவை இருந்தா மட்டும்.

வீட்டுக்கு வந்து மூணாவது நாள் மதுரைலேர்ந்து தங்கச்சி போன் பண்ணா, அக்கா நாங்களும் போலாம்னு இருக்கோம், கார்லயே போயிடவான்னு கேட்டா. நான் வாய தொறக்கறதுக்குள்ள அப்பா போன வாங்கிட்டார். ஏம்மா, என்னிக்கு போறீங்க, அதுலேர்ந்து அறுபது நாள் பின்னாடி எண்ணு, காலைல எட்டு மணிக்கு மாப்பிள்ளைய போன கையில வச்சுக்கிட்டு உக்கார சொல்லு, உதகமண்டலம்னு போடணும், எனக்கும் சேத்து ஒரு சீட்டு போடுன்னார்.